டார்ச்சுவஸ்: முறுக்கிய வடிவைக் குறிக்கும் ஓர் ஆங்கிலச் சொல்லின் வரலாறு

முன்னுரை

சில மாதங்களுக்கு முன் எங்கள் தெருவில் வசிக்கும் ஓர் அம்மா, நெஞ்சு எக்ஸ்ரே அறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். எழுபது வயதைக் கடந்தவர். "சார், என் ரத்தக் குழாய் டார்ச்சர் ஆகுதுன்னு இதுல போட்டிருக்காம். பேரன் படிச்சுச் சொன்னான். ராத்திரி பூரா தூக்கமே இல்லை" என்றார். வாங்கிப் பார்த்தேன். பெருந்தமனியைப் பற்றிய வரியில் இருந்த சொல் 'டார்ச்சர்' அன்று, 'டார்ச்சுவஸ்'. "குழாய் நேரா இல்லாம வளைஞ்சு நெளிஞ்சு இருக்குன்னு எழுதியிருக்காங்கம்மா. சித்திரவதைன்னு அர்த்தமில்லை. அதனால ஏதாவது செய்யணுமான்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க" என்றேன். அவர் முகம் சற்றுத் தெளிந்தது.

அந்தப் பேரனைக் குறை சொல்ல முடியாது. இரண்டு சொற்களும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒன்று வடிவத்தைச் சொல்கிறது. மற்றொன்று வலியைச் சொல்கிறது. ஒரே வேரிலிருந்து 'வளைவு', 'வலி', 'குற்றம்' என்னும் மூன்று பொருள்களும் எப்படிக் கிளைத்தன என்பதே இக்கட்டுரையின் பொருள். ஆங்கிலம் படிக்கும் மாணவர்களுக்கும், மருத்துவ அறிக்கைகளையும் சட்ட நூல்களையும் புரட்ட நேரும் பொது வாசகர்களுக்கும் இது பயன்படும் என்று நம்புகிறேன்.

சொல்லின் பொருளும் பிறப்பும்

'டார்ச்சுவஸ்' என்பது ஒரு பெயரடை. இதன் எழுத்துகள் டீ, ஓ, ஆர், டீ, யூ, ஓ, யூ, எஸ். 'பல வளைவுகளும் திருப்பங்களும் நிறைந்த' என்பது இதன் நேர்ப்பொருள். ஒரே ஒரு வளைவு உள்ள பொருளுக்கு இச்சொல் பொருந்தாது. அரிவாள் வளைந்தது, ஆனால் டார்ச்சுவஸ் அன்று. ஒருமுறை இடமாகவும் அடுத்து வலமாகவும் மீண்டும் மீண்டும் திரும்பும் மலைப்பாதை டார்ச்சுவஸ்.

இச்சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் உள்ளது. இலத்தீனில் 'தோர்குவேரே' என்னும் வினைச்சொல்லுக்கு 'முறுக்கு, திருகு, திரி' என்று பொருள். கயிறு திரிப்பதும் ஈரத்துணியைப் பிழிவதும் இவ்வினையில் அடங்கும். அதன் எச்ச வடிவம் 'தோர்த்துஸ்', அதாவது 'முறுக்கப்பட்ட'. இதே வடிவம் பெயராகவும் வழங்கி 'முறுக்கு, வளைவு' என்று பொருள் தந்தது. அதனோடு 'நிறைந்த' என்று பொருள்தரும் விகுதி சேர்ந்து 'தோர்த்துவோசுஸ்' ஆனது. 'வளைவுகள் நிறைந்த' என்பதே அதன் பொருள்.

1066-இல் நார்மண்டியின் கோமகன் வில்லியம் இங்கிலாந்தை வென்றபின், அந்நாட்டின் அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு மொழி புகுந்தது. அடுத்த மூன்று நூற்றாண்டுகளில் ஆயிரக்கணக்கான இலத்தீன் வழிச் சொற்கள் பிரெஞ்சின் மூலம் ஆங்கிலத்தில் வந்து சேர்ந்தன. நம் சொல்லும் அவ்வழியே வந்ததுதான். 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதை ஆங்கில எழுத்தில் காண்கிறோம்.

சாய்ந்து எழும் ராசிகள்

இச்சொல்லைத் தொடக்கக் காலத்தில் ஆங்கிலத்தில் எழுதியவர்களுள் ஒருவர் கவிஞர் ஜெஃப்ரி சாசர். அவர் இதைச் சாலைக்கோ ஆற்றுக்கோ பயன்படுத்தவில்லை; வானத்து ராசிகளுக்குப் பயன்படுத்தினார்.

1391-ஆம் ஆண்டை ஒட்டி, சாசர் 'ஆஸ்ட்ரோலேப்' என்னும் வானியல் கருவியைப் பற்றி ஓர் உரைநடை நூல் எழுதினார். சூரியனும் விண்மீன்களும் இருக்கும் உயரத்தை அளந்து, நேரத்தையும் திசையையும் கணக்கிட உதவும் பித்தளைக் கருவி அது. பத்து வயதான தன் மகன் லூயிஸுக்கு என்று சொல்லியே அந்நூலைத் தொடங்குகிறார். சிறுவனுக்கு இலத்தீன் கொஞ்சமே தெரியும் என்பதால் ஆங்கிலத்தில் எழுதுவதாகவும் கூறுகிறார். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பழைய அறிவியல் கருவிக் கையேடுகளுள் அது முக்கியமானது. பாடம் நடத்தியே வாழ்ந்த எனக்கு, ஒரு தந்தை மகனுக்காகத் தாய்மொழியில் அறிவியல் எழுதினார் என்ற செய்தி எப்போதும் மகிழ்ச்சி தரும்.

அந்நூலில் மகரம் முதல் மிதுனம் வரையுள்ள ஆறு ராசிகளையும் 'டார்ச்சுவஸ்' ராசிகள், அதாவது கோணலான ராசிகள் என்று சாசர் அழைக்கிறார். அதற்குக் காரணமும் தருகிறார். இங்கிலாந்தின் அடிவானத்தில் அவை நிமிர்ந்து எழாமல் சாய்ந்து எழுகின்றன.

இதைச் சற்று விளக்க வேண்டும். ராசிகள் 12, பூமி ஒருமுறை சுழலும் காலம் 24 மணி. எனவே சராசரியாக ஒரு ராசி உதிக்க 2 மணி நேரம் ஆகவேண்டும். ஆனால் ராசி மண்டலம் வான நடுக்கோட்டுக்குச் சாய்வாக இருப்பதால் எல்லா ராசிகளும் சமமான நேரத்தில் உதிப்பதில்லை. நிலநடுக்கோட்டை விட்டு வடக்கே செல்லச் செல்ல இவ்வேறுபாடு கூடும். லண்டனின் அட்சரேகையில், மேற்கத்திய கணக்கின்படி, மீனமும் மேஷமும் ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகவே எடுத்துக்கொண்டு எழுந்துவிடும். கன்னிக்கும் துலாத்துக்கும் ஏறத்தாழ 2 மணி 50 நிமிடம் ஆகும். படுத்த கோணத்தில் எழுவதால்தான் முதல் வகை ராசிகள் விரைவாக வெளிவருகின்றன. நம் பஞ்சாங்கங்களிலும் ராசிக்கு ராசி உதய கால அளவு மாறுவதைக் காணலாம். நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் இங்கே வேறுபாடு குறைவு.

ஆக, இந்நூலில் 'டார்ச்சுவஸ்' என்பது வெறும் வடிவக் கணிதச் சொல். அதில் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை.

ஆனால் அதே சாசர் தம் 'கேன்டர்பரி கதைகள்' நூலில் இச்சொல்லை வேறு தொனியில் கையாள்கிறார். ஒரு வழக்கறிஞர் சொல்லும் கதையில், ரோமப் பேரரசனின் மகள் சிரியா நாட்டு சுல்தானை மணக்கக் கப்பலேறுகிறாள். அந்நேரத்து லக்கினம் தீயது, கோணலானது என்று கதைசொல்லி வருந்துகிறார். பயணத்துக்கு நல்ல நேரம் குறித்துத் தர ஒரு சோதிடர்கூட அங்கே இல்லையா என்றும் கேட்கிறார். இங்கே கோணல் என்பது கோணத்தின் அளவாக மட்டும் நிற்கவில்லை, கெட்ட சகுனமாகிவிட்டது. ஒரே எழுத்தாளரின் கையிலேயே வளைவு என்ற சொல்லின்மீது தீமையின் நிழல் விழுவதை இங்குப் பார்க்கிறோம்.

கயிறும் வலியும்

அந்த நிழல் சாசருக்கு மிக முன்பே, இலத்தீன் மொழியிலேயே தொடங்கிவிட்டது. அதற்கு ஒரு பொருள் காரணம்: முறுக்கிய கயிறு.

கிரேக்கரும் ரோமானியரும் போரில் கல்லையும் ஈட்டியையும் எறியும் பெரும் பொறிகளைப் பயன்படுத்தினர். விலங்குகளின் தசைநாரையோ முடியையோ கற்றையாகக் கட்டி, இறுக முறுக்கி, அதனுள் மரக்கையைச் செருகுவர். முறுக்கு அவிழும்போது வெளிப்படும் விசையே கல்லை எறிந்தது. ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் தம் நூலின் பத்தாம் பகுதியில் இப்பொறிகளின் அளவுகளை விவரிக்கிறார். முறுக்குக் கயிறு செல்லும் துளையின் அகலத்தை அடிப்படையாகக் கொண்டே மற்ற எல்லா அளவுகளும் வகுக்கப்பட்டன. இப்பொறிக்கு இலத்தீனில் 'தோர்மெந்தும்' என்று பெயர். அதாவது 'முறுக்குப் பொறி'.

அதே 'தோர்மெந்தும்' என்ற பெயர் வதைக் கருவிக்கும் வழங்கியது. மனித உடலைக் கயிற்றால் பிணைத்து இழுத்து முறுக்கும் கருவி, பெயரளவிலும் போர்ப்பொறிக்கு உறவாகிவிட்டது. வலி, வேதனை என்று பொருள்தரும் 'டார்மென்ட்' என்ற ஆங்கிலச் சொல் இதிலிருந்து வந்தது. பிற்கால இலத்தீனில் 'முறுக்குதல்' என்ற பொருளில் வழங்கிய 'தோர்த்தூரா' என்ற சொல்லே பின்னர் 'டார்ச்சர்' ஆயிற்று.

ரோமானியச் சட்டத்தில் வதை என்பது தண்டனை மட்டுமன்று, விசாரணை முறையும்கூட. அடிமைகளின் சாட்சியத்தை வதைத்துப் பெறுவது அங்கே சட்டப்படி நடந்தது. முறுக்கினால் கயிற்றிலிருந்து விசை வெளிவருவது போல, முறுக்கினால் உடலிலிருந்து உண்மை வெளிவரும் என்று நம்பினார்கள்.

இடைக்கால ஐரோப்பாவில் இம்முறை மீண்டும் தலையெடுத்தது. நெருப்பையும் நீரையும் கொண்டு குற்றத்தைச் சோதிக்கும் தெய்வச் சோதனைகளில் குருமார் பங்குகொள்ளக் கூடாது என்று 1215-இல் நான்காம் லாத்தரன் சங்கம் தடை விதித்தது. அதன்பின் குற்றத்தை மெய்ப்பிக்க வேறு வழி தேவைப்பட்டது. இங்கிலாந்து நடுவர் குழு முறையை நோக்கிச் சென்றது. ஐரோப்பாவின் பிற பகுதிகள் பல, ரோமானியச் சட்டத்தைப் பின்பற்றி, குற்றம் சாட்டப்பட்டவரின் ஒப்புதல் வாக்குமூலத்தை நாடின. வாக்குமூலத்தைப் பெற வதை துணையாயிற்று. 1252-இல் போப் நான்காம் இன்னசென்ட், சமயத் துரோகம் பற்றிய விசாரணைகளில் வதைக்கு அனுமதி அளித்தார்.

இங்கிலாந்தின் பொதுச் சட்டம் வதையை ஏற்கவில்லை. ஆயினும் 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் அரசரின் ஆலோசனைக் குழு தனி ஆணைகள் மூலம் அதை நடத்தியது. லண்டன் கோபுரக் கோட்டையில் உருளைகளும் கயிறுகளும் கொண்டு கைகால்களை இழுக்கும் 'ரேக்' என்னும் கருவி இருந்தது. 1628-இல் பக்கிங்ஹாம் கோமகனைக் கொன்ற ஜான் ஃபெல்டனை அக்கருவியில் ஏற்றலாமா என்று கேட்கப்பட்டபோது, சட்டம் அதற்கு இடம் தரவில்லை என்று நீதிபதிகள் தெரிவித்தனர். 1640-க்குப் பின் அத்தகைய ஆணைகள் இங்கிலாந்தில் வழங்கப்படவில்லை. 1764-இல் இத்தாலியரான செசாரே பெக்காரியா குற்றமும் தண்டனையும் பற்றித் தாம் எழுதிய நூலில் வதையை வன்மையாகக் கண்டித்தார். வலியைத் தாங்கும் உடல் வலுவுள்ள குற்றவாளி தப்பிப்பான். வலுவற்ற நிரபராதி செய்யாததை ஒப்புக்கொள்வான் என்பது அவர் வாதத்தின் சாரம். 1984-இல் ஐக்கிய நாடுகள் சபை வதைக்கு எதிரான உடன்படிக்கையை ஏற்றது.

முறுக்கி உண்மையைப் பெறும் வேறொரு கருவியும் வரலாற்றில் உண்டு. 1785-இல் பிரெஞ்சு அறிஞர் கூலும், மெல்லிய கம்பி எவ்வளவு முறுக்கிக்கொள்கிறது என்பதைக் கொண்டு மின்னூட்டங்களுக்கு இடையேயான விசையை அளந்தார். அக்கருவியின் பெயர் முறுக்குத் தராசு. 1798-இல் ஹென்றி கேவண்டிஷ் அதே வகைக் கருவியால் பூமியின் அடர்த்தி நீரைப்போல் ஏறத்தாழ 5.5 மடங்கு என்று கண்டறிந்தார். மனித உடலை முறுக்கியபோது பொய்யும் வந்தது. கம்பியை முறுக்கியபோது உண்மை வந்தது. முறுக்கு என்ற செயல் தன்னளவில் கொடியதன்று என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

வளைந்தது குற்றம், நேரானது நீதி

இலத்தீன் 'தோர்த்துஸ்' என்பதிலிருந்து பிரெஞ்சில் 'தோர்' என்ற சொல் பிறந்தது. அதற்கு 'தவறு, அநீதி' என்று பொருள். எழுத்தில் கடைசியில் வரும் டீயைப் பிரெஞ்சுக்காரர் ஒலிப்பதில்லை. நார்மானியர் வழியாக இது இங்கிலாந்தின் நீதிமன்றங்களுக்கு வந்து 'டார்ட்' ஆயிற்று. இன்று சட்டக் கல்லூரி மாணவர்கள் தமிழில் தீங்கியல் சட்டம் என்று படிப்பது இதைத்தான். அவதூறு, அத்துமீறல், கவனக்குறைவால் விளைந்த கேடு, அண்டை வீட்டாருக்கு இடையூறு போன்றவற்றுக்கு இழப்பீடு கோரும் உரிமை இத்துறையில் அடங்கும். இந்தியாவில் இதற்கென ஒரே தொகுப்புச் சட்டம் இல்லை. ஆங்கிலப் பொதுச் சட்ட மரபையும் நீதிமன்றத் தீர்ப்புகளையும் கொண்டே இது பெரும்பாலும் இயங்குகிறது.

வளைவைக் குற்றமாகப் பார்த்தது இலத்தீன் மட்டுமன்று. 'தவறு' என்பதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'ராங்' என்ற சொல் பழைய ஸ்காண்டிநேவிய மொழியிலிருந்து வந்தது. அங்கே அதற்குக் கோணலானது என்றே பொருள். துணியைப் பிழிவதற்கான 'ரிங்' என்ற ஆங்கில வினையும் அதற்கு உறவு. இரண்டு சொற்களும் ஒலிக்காத 'டபிள்யூ' எழுத்தோடு தொடங்கும். இந்த 'டபிள்யூ, ஆர்' தொடக்கத்தை மாணவர்கள் கவனித்தால் ஒரு குடும்பமே கண்ணில் படும். மணிக்கட்டுக்கான 'ரிஸ்ட்', மலர் வளையத்துக்கான 'ரீத்', மல்யுத்தத்துக்கான 'ரெஸ்ல்', துடித்து நெளிவதற்கான 'ரைத்' ஆகியவை எல்லாம் திருகுதல், சுழற்றுதல் என்ற கருத்தை உள்ளே வைத்திருப்பவை. எழுத்துக்கூட்டலை மனப்பாடம் செய்யத் திணறும் பிள்ளைகளுக்கு இது ஒரு நல்ல பிடிமானம்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் 'ரைட்' நிற்கிறது. அதன் பழைய பொருள் நேரானது. பின்னர் அது சரியானது, உரிமை என்றெல்லாம் விரிந்தது.

ஒரே வேரின் பிற பிள்ளைகள்

'தோர்குவேரே' குடும்பத்தில் வலியோடும் குற்றத்தோடும் தொடர்பில்லாத பிள்ளைகளும் பலர்.

டார்க்: பொருளைச் சுழற்றும் விசையின் விளைவைக் குறிக்கும் இயற்பியல் சொல். தமிழ்ப் பாடநூல்களில் திருப்பு விசை எனப்படும். மோட்டார் சைக்கிள் விளம்பரங்களில் 'நியூட்டன் மீட்டர்' அலகில் தரப்படுவது இதுவே. இப்பொருளில் இச்சொல் 1884-இல் வழக்குக்கு வந்தது. அதற்கு முன்பே, பண்டைய கெல்ட் மக்கள் அணிந்த முறுக்கிய உலோகக் கழுத்து வளையத்துக்கும் இதே வேரிலிருந்து ஒரு பெயர் இருந்தது. ஒரு கால் வீரனைக் கொன்று அவன் கழுத்து வளையத்தைக் கைப்பற்றிய ரோமானியர் மான்லியஸுக்கு 'டார்குவாட்டஸ்' என்ற பட்டப்பெயர் வந்தது என்பது ரோமானிய மரபு.

டார்ச்: முறுக்கிய நாரை மெழுகில் தோய்த்து எரித்த பந்தமே முதல் டார்ச். தமிழில் விளக்குத் திரியும் திரிக்கப்பட்டதால்தான் திரி ஆயிற்று. தொலைவிலுள்ள இரு மொழிகள், தொடர்பின்றியே, ஒரே செயலைப் பார்த்து ஒரே வகையில் பெயரிட்டிருக்கின்றன.

டிஸ்டார்ட்: உருவத்தையோ செய்தியையோ சிதைத்து மாற்றுதல். தமிழில் இதற்கு 'திரித்துக் கூறுதல்' என்கிறோம். கதை கட்டுபவரைக் 'கயிறு திரிக்கிறார்' என்கிறோம்.

கன்டார்ட்: உடலையோ முகத்தையோ கோணலாக முறுக்குதல். சர்க்கஸில் உடலை வில்லாக வளைப்பவருக்கு இதிலிருந்து பெயர் உண்டு.

எக்ஸ்டார்ட்: மிரட்டிப் பறித்தல். பிழிந்து எடுத்தல் என்பது இதன் நேர்ப்பொருள்.

ரிட்டார்ட்: சொன்னவரிடமே திருப்பி அடிக்கும் சுடச்சுடப் பதில். வேதியியல் ஆய்வகத்தில் கழுத்து பின்னோக்கி வளைந்த காய்ச்சி வடிக்கும் கண்ணாடிக் கலத்துக்கும் இதே பெயர். அது திரும்பியது என்பதுதான் இரண்டுக்கும் பொது.

இன்றைய பயன்பாடு

'டார்ச்சுவஸ்' இன்று நான்கு இடங்களில் மிகுதியாக வருகிறது.

முதலாவது, நிலவியல் வருணனை. மலைச்சாலை, ஓடை, குகைவழி ஆகியவற்றுக்கு இதைப் பயன்படுத்துவர். 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலை இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. ஆற்றின் வளைவைக் குறிக்க 'மியாண்டர்' என்ற சொல்லும் உண்டு. துருக்கியில் ஏஜியன் கடலில் கலக்கும் மென்டெரெஸ் ஆற்றின் பழைய பெயரிலிருந்து வந்த சொல் அது.

இரண்டாவது, பொறியியல். மண், பாறை, மின்கலத்தில் உள்ள தடுப்புப் படலம் போன்ற நுண்துளைப் பொருள்களின் வழியே நீரோ அயனியோ நேர்கோட்டில் செல்வதில்லை. அது உண்மையில் கடக்கும் பாதையின் நீளத்தை, நேர்த்தொலைவோடு ஒப்பிட்டுச் சொல்லும் அளவுக்கு இச்சொல்லின் பெயர் வடிவத்தையே வைத்துள்ளனர்.

மூன்றாவது, மருத்துவம். வெரிகோஸ் வெயின் என்று நாம் சொல்லும் கால் நரம்புச் சுருட்டலை, விரிந்து நெளிந்த சிரைகள் என்று மருத்துவர்கள் விவரிக்கும்போது இச்சொல்லையே எழுதுவர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் நின்றே பாடம் நடத்திய எங்களைப் போன்றவர்களுக்கு இது புதிய செய்தியன்று. வயது ஏறும்போதும், இரத்த அழுத்தம் நெடுங்காலம் மிகுந்திருக்கும்போதும், பெருந்தமனி போன்ற குழாய்கள் நீண்டு நெளிவதுண்டு. வயதானவரின் நெஞ்சுப் படத்தில் இச்சொல் இருந்தால் பல நேரங்களில் அது முதுமையின் அடையாளமாகவே இருக்கும்.

ஆனால் குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் விழித்திரையைப் பார்க்கும் கண் மருத்துவர் இதே சொல்லை எழுதினால் கதை வேறு. அங்கே இரத்தக் குழாய்கள் விரிந்தும் நெளிந்தும் இருப்பது, நோய் முற்றுகிறது என்பதற்கான எச்சரிக்கை. உரிய நேரத்தில் சிகிச்சை தராவிட்டால் பார்வையே போகக்கூடும். ஆக, சொல் ஒன்றுதான். அது சொல்லும் வடிவமும் ஒன்றுதான். அந்த வடிவம் எந்த உறுப்பில், எந்த வயதில் இருக்கிறது என்பதே அதன் பொருளைத் தீர்மானிக்கிறது. சொல்லைக் கண்டு அஞ்சவும் வேண்டாம். சொல்லைப் புரிந்துகொண்டதாலேயே அலட்சியமும் வேண்டாம். அதனால்தான் அந்த அம்மாவை மருத்துவரிடம் கேட்கச் சொன்னேன்.

நான்காவது, உருவகம். நேராகப் போகாமல் சுற்றிச் சுற்றிச் செல்லும் பேச்சுவார்த்தை, வழக்கு, வாதம், வாக்கியம் ஆகியவற்றை இச்சொல்லால் வருணிப்பர். ஒருவரின் சிந்தனைக்கோ திட்டத்துக்கோ இதைச் சொன்னால், சில இடங்களில் சூது உடையது என்ற குறிப்பும் தொனிக்கும். சாசரின் கதையில் விழுந்த அந்த நிழல் இன்னும் முழுதாக விலகவில்லை.

குழப்பம் தரும் மூன்று சொற்கள்

தேர்வு எழுதும் மாணவர்கள் மூன்று சொற்களைப் பிரித்தறிய வேண்டும்.

'டார்ச்சுவஸ்': வளைந்து நெளிந்தது. வடிவத்தைச் சொல்வது.

'டார்ச்சரஸ்': வதை போன்ற வேதனை தருவது. இதில் இரண்டாவது டீ, யூ ஆகியவற்றுக்குப் பின் கூடுதலாக ஓர் 'ஆர்' எழுத்து உண்டு. 'டார்ச்சர்' என்ற சொல் இதற்குள் முழுதாக ஒலிக்கும். அதை நினைவில் வைத்தால் போதும்.

'டார்ஷஸ்': சட்டச் சொல். தீங்கியல் சட்டத்தின்கீழ் வரும் தவறான செயலைக் குறிப்பது. இதில் இரண்டாவது டீக்குப் பின் 'ஐ' எழுத்து வரும்.

ஒரு மலைச்சாலை டார்ச்சுவஸ். வாந்தி வரும் பயணிக்கு அதே சாலையில் செல்லும் பயணம் டார்ச்சரஸ். ஓட்டுநரின் கவனக்குறைவால் வண்டி ஒருவர்மீது மோதினால் அச்செயல் டார்ஷஸ்.

இவற்றுக்கு அருகிலுள்ள இன்னும் இரு பெயரடைகள் 'சினுவஸ்', 'கான்வல்யூட்டட்'. முதலாவது பாம்பின் அசைவு போன்ற மென்மையான, பெரும்பாலும் அழகான நெளிவைச் சொல்லும். இரண்டாவது உள்ளுக்குள் சுருண்டு மடிந்ததைச் சொல்லும். மூளையின் மேற்பரப்பு அதற்கு எடுத்துக்காட்டு.

தமிழில் எப்படிச் சொல்வது?

'வளைந்து நெளிந்த' என்பதே எளிய தமிழ். மருத்துவ அறிக்கையை விளக்கும்போது இது போதும். 'முறுக்கிய' என்று சொன்னால் ஒரு தவறு நேரலாம். உறுப்பு தன் காம்பிலேயே திருகிக்கொண்டு இரத்த ஓட்டம் நின்றுவிடும் நிலையை மருத்துவர்கள் 'டார்ஷன்' என்பர். அது உடனடியாகக் கவனிக்க வேண்டிய அவசர நிலை. நெளிவும் திருகலும் ஒன்றல்ல.

தமிழும் இந்த வளைவுச் சிக்கலுக்கு விலக்கன்று. 'கொடு' என்ற அடிக்குப் பழந்தமிழில் வளைவு என்ற பொருள் உண்டு. வளைந்த வாள் கொடுவாள். அதே அடியிலிருந்து கொடுமை, கொடியவன், கொடுங்கோல் ஆகியவை வந்தன. அதற்கு எதிராகச் செம்மை, செவ்வை, செங்கோல் ஆகியவை நேர்மையைச் சொல்லி நின்றன. 'நேர்மை' என்ற சொல்லே நேர் என்பதிலிருந்து வந்ததுதான். திருக்குறளில் செங்கோன்மையும் கொடுங்கோன்மையும் அடுத்தடுத்த அதிகாரங்கள். இலத்தீன் செய்ததையும், ஸ்காண்டிநேவிய மொழி செய்ததையும் தமிழும் தானாகவே செய்திருக்கிறது.

ஆனால் அதே வள்ளுவர், கூடாவொழுக்கம் என்னும் அதிகாரத்தில் இந்தப் பழக்கத்துக்கு ஒரு மாற்று மருந்தும் தருகிறார். நேராக இருக்கும் அம்பு உயிரைக் கொல்கிறது. வளைந்த கொம்புடைய யாழ் இனிய இசையைத் தருகிறது. எனவே மனிதரையும் தோற்றத்தால் அளக்காமல் செயலால் அளக்க வேண்டும் என்பது அக்குறளின் கருத்து.

முடிவுரை

'டார்ச்சுவஸ்' என்ற சொல் தன் ஆறு நூற்றாண்டு ஆங்கில வாழ்க்கையில் வடிவத்தைச் சொல்லும் வேலையையே முதன்மையாகச் செய்துவந்திருக்கிறது. வலியும் குற்றமும் அதன் உடன்பிறப்புகள் ஏற்ற பொருள்கள். மனிதர் கயிற்றை முறுக்கியதுபோல் உடலையும் முறுக்கினர். நேரானதை நீதி என்றும் வளைந்ததை அநீதி என்றும் கொண்டனர். அந்த வரலாறுதான் சொற்களில் படிந்து கிடக்கிறது.

இதை அறிந்துகொள்வதன் பயன் தேர்வு மதிப்பெண்ணோடு முடிவதில்லை. ஓர் அறிக்கையில் இச்சொல்லைக் கண்டால் இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேட்க வேண்டும். எது வளைந்திருக்கிறது? அந்த வளைவால் கேடு உண்டா? முதல் கேள்விக்கு அகராதி விடை சொல்லும். இரண்டாவது கேள்விக்கு அத்துறை அறிந்தவரிடமே விடை உண்டு. வீட்டில் உள்ள பெரியவர்களுக்கு ஆங்கில அறிக்கைகளைப் படித்துச் சொல்லும் பேரப்பிள்ளைகள், தெரியாத சொல்லைத் தெரிந்த சொல்லாக மாற்றிப் படிக்காமல், ஒருமுறை அகராதியைத் திறந்து பார்த்தால் போதும். ஒரு முதியவரின் ஓர் இரவுத் தூக்கமாவது மிஞ்சும்.